கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம்

ஃப்ரெடி மெர்குரி இல்லாத குயீன், ஸ்டீவ் பெர்ரி இல்லாத ஜர்னி, பான் ஸ்காட் இல்லாத ஏசி/டிசி... பாடகர் போன பிறகும் மேடை ஏறும் ராக் குழுக்களின் கதை

டிக்கெட்டில் வெறும் 'குயீன்' என்று இருக்காது. 'குயீன் + ஆடம் லாம்பர்ட்' என்றுதான் அச்சடித்திருப்பார்கள். போஸ்டரிலும் அப்படித்தான், வாசலில் விற்கிற டி-ஷர்ட்டிலும் அப்படித்தான். 2012-இல் உக்ரைனின் கீவ் நகரில் இந்தக் கூட்டணி தன் முதல் முழுக் கச்சேரியை நடத்தியது. அதற்குப் பிறகு அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டார்கள். அந்தக் கூட்டல் குறி மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. லாம்பர்ட் பாடுகிறார், கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது, ஆனால் பெயர்ப்பலகையில் அவர் இன்னும் வெளியாள்தான்.

2022 ஜூன் மாதம் லண்டன் ஓ2 அரங்கில் பத்து இரவுகள் வாசித்தார்கள். அதில் ஓர் இரவு நானும் இருந்தேன். துள்ளிக் குதித்துக்கொண்டு போனேன் என்று சொல்ல மாட்டேன். கல்லூரி நாட்களில் கேசட் நைந்துபோகிற அளவுக்குக் கேட்ட குரல் ஃப்ரெடி மெர்குரியுடையது. அந்த இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்க்க இவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா என்ற நச்சரிப்பு, நார்த் கிரீனிச் நிலையத்தில் இறங்கிப் படியேறும்போதும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தயக்கம் கொஞ்சம் விசித்திரமாகப் படலாம். சினிமாப் பாட்டில் மெட்டுப் போடுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் இன்னொருவர். திருவிழா மேடையில் மெல்லிசைக் குழுப் பாடகர் டி.எம்.எஸ். பாட்டை எடுத்துவிட்டால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. ராக் குழுவின் கணக்கு வேறு. நாலைந்து பேர் சேர்ந்து எழுதி, மெட்டமைத்து, வாசித்து, பாடி, அந்தப் பெயரிலேயே வாழ்ந்து மடிகிற சங்கதி அது. குயீனில் நான்கு பேருமே பாட்டு எழுதியவர்கள். 'போஹீமியன் ராப்சடி' மெர்குரியுடையது. 'வி வில் ராக் யூ' கிடார் வாசிக்கும் பிரையன் மே எழுதியது. 'ரேடியோ கா கா' டிரம்ஸ் வாசிக்கும் ராஜர் டெய்லருடையது. 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பேஸ் கிடார் வாசித்த ஜான் டீக்கனுடையது.

1991 நவம்பர் 24-ஆம் தேதி மெர்குரி இறந்தார். வயது 45. தனக்கு எய்ட்ஸ் இருப்பதை அதற்கு முந்தைய நாள்தான் அறிக்கை விட்டு உலகத்துக்குச் சொன்னார். மேடையைப் பொறுத்தவரை அவர் அதற்கு முன்பே விடைபெற்றிருந்தார். 1986 ஆகஸ்ட் 9-இல் நெப்வர்த்தில் பாடியதுதான் குயீனோடு அவருடைய கடைசிக் கச்சேரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குயீனை விட்டுப் போனவர் மெர்குரி மட்டுமல்ல. 1997-க்குப் பிறகு டீக்கனும் ஒதுங்கிவிட்டார். மேடையும் வேண்டாம், பேட்டியும் வேண்டாம் என்று வீட்டோடு இருக்கிறார். இப்போது பேஸ் கிடார் வாசிப்பவர் நீல் ஃபேர்க்ளஃப் என்பவர். அவரை யாராவது மெர்குரி ரசிகர்கள் லாம்பர்ட்டைக் குடைகிற மாதிரிக் குடைந்திருக்கிறார்களா? 'அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்' பாட்டின் உயிரே அந்த பேஸ் கிடார் ஓட்டம்தான். ஓ2 அரங்கில் அது தொடங்கியபோது இருபதாயிரம் பேர் கொள்ளும் அந்தக் கூடாரமே ஆடியது. வாசிப்பவர் டீக்கன் இல்லையே என்று என் வரிசையில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. விரலை மாற்றிக்கொள்ள நமக்குச் சம்மதம். தொண்டையை மாற்றினால்தான் வழக்கு.

ரெக்கார்டோடு ஒரு போட்டி

என் பக்கத்து இருக்கையில் அறுபதைத் தாண்டிய ஒருவர், மகளோடு வந்திருந்தார். அவர் மெர்குரி காலத்து ஆள். மகளுக்குக் குயீன் அறிமுகமானது 2018-இல் வந்த 'போஹீமியன் ராப்சடி' திரைப்படத்தின் வழியாக. அரங்கில் பாதிக் கூட்டம் அந்தப் பெண்ணின் வயதுதான். இருவரும் வரிக்கு வரி பாடிக்கொண்டே இருந்தார்கள். கூர்ந்து கேட்டபோது ஒன்று பிடிபட்டது. அப்பா, மகள், பின்னால் இருந்தவர்கள், முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் பாடியது இசைத்தட்டில் உள்ள மெட்டை. அதே ஏற்ற இறக்கம், அதே மூச்சு விடும் இடம்.

மெர்குரியோ மேடையில் அப்படிப் பாடியவர் அல்ல. பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டால் தெரியும். இசைத்தட்டில் அவர் எட்டிப் பிடித்த பல உச்ச ஸ்வரங்களை மேடையில் தொடாமல், கீழே ஒரு வழி பிடித்து லாகவமாக இறங்கிவிடுவார். 'வி ஆர் த சாம்பியன்ஸ்' அதற்கு நல்ல உதாரணம். மேலே போக வேண்டிய இடத்தை டெய்லரின் கீச்சுக்குரல் பார்த்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் மேடையில் ஓடியாடி, அடுத்த ஊரில் மறுபடியும் பாட வேண்டிய தொண்டைக்கு அதுதான் வழி. லாம்பர்ட் அந்த உச்ச ஸ்வரங்களையெல்லாம் பெரும்பாலும் தொட்டுவிட்டே வருகிறார். ஆக, ரசிகர்கள் அவரை ஒப்பிடுவது ஃப்ரெடி மெர்குரி என்ற மனிதரோடு அல்ல. ஸ்டூடியோவில் பல தடவை பாடி, நல்லதை மட்டும் பொறுக்கி, குரலுக்கு மேல் குரல் அடுக்கிச் செய்த ஒரு ரெக்கார்டோடு. அந்தப் போட்டியில் மெர்குரியே ஜெயித்திருக்க மாட்டார்.

'போஹீமியன் ராப்சடி'யின் நடுவில் வரும் ஆபரா பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-இல் அந்தப் பாட்டு வந்த காலத்திலிருந்தே அதை மேடையில் முழுசாகப் பாட முடியாது என்று குழுவுக்குத் தெரியும். விளக்கை மங்கவிட்டு, நால்வரும் உள்ளே போய்விடுவார்கள். ஒலிநாடா பாடும். கிடார் இடி இடிக்கும் இடத்தில் திரும்பி வருவார்கள். ஓ2-விலும் அதே ஏற்பாடுதான். ஒலிநாடா ஓடியது, பழைய காணொலி திரையில் ஓடியது, யாரும் ஏமாந்ததாகத் தெரியவில்லை. அசல் குயீனும் கொஞ்சம் ஒலிநாடாவாகத்தான் இருந்தது.

லாம்பர்ட்டைப் பற்றி என் தீர்ப்பு கலவையானது. குரலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுருதி பிசகுவதில்லை, கார்வை நிற்கிறது, மேல் ஸ்தாயியில் பதற்றமே கிடையாது. நாடக மேடையில் வளர்ந்தவர் என்பதால் நடை, உடை, மினுமினுப்பு எல்லாம் தாராளம். சைக்கிள் பற்றிய பாட்டுக்கு மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு வருகிறார். ஆனால் மெல்ல விட்டுவிட வேண்டிய இடங்களில் சங்கதி கூடிப்போகிறது. ஒரு சொல்லை நேராக வைத்தால் போதும் என்னும் இடத்தில் இரண்டு சுழற்று சுழற்றித்தான் வைக்கிறார். மெர்குரியிடம் ஆர்ப்பாட்டம் எவ்வளவோ இருந்தாலும் சொல் உடையாது.

அவர் முழுசாக ஜெயித்தது எங்கே என்று யோசித்துப் பார்த்தால் ஒரு காரணம் தட்டுப்படுகிறது. 'ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்' 1986-இல் வந்த ஆல்பத்துப் பாட்டு. அந்த வருடம்தான் மெர்குரியின் கடைசிச் சுற்றுப்பயணம். 'த ஷோ மஸ்ட் கோ ஆன்' 1991-இல் வந்தது. அதை அவர் மேடையில் ஒரு தடவைகூடப் பாடியதில்லை. 1989-இன் 'ஐ வான்ட் இட் ஆல்' பாட்டும் அப்படியே. எழுந்து நிற்கவே சிரமப்பட்ட காலத்தில் ஸ்டூடியோவில் பாடிவைத்துவிட்டுப் போன பாடல்கள் இவற்றில் உண்டு. பின்னிரண்டு பாட்டுகளுக்கும் மெர்குரியின் மேடை என்று ஒன்று கிடையாது, முதல் பாட்டுக்கும் அந்த ஒரே ஒரு சுற்றுப்பயணம்தான். ஒப்பிட்டுப் பார்க்க யூடியூபில் தேடினாலும் அதிகம் அகப்படாது. லாம்பர்ட் இவற்றைப் பாடும்போது அரங்கில் ஒரு மாற்றம் தெரிந்தது. கூடவே பாடிக்கொண்டிருந்த கூட்டம் வாயை மூடிக் கேட்டது.

அச்சு அசலை வேண்டாம் என்றவர்கள்

லாம்பர்ட் குயீனுக்கு வந்த வழி சுவாரசியமானது. 2009-இல் 'அமெரிக்கன் ஐடல்' போட்டிக்கு வந்து, தேர்வுச் சுற்றிலேயே 'போஹீமியன் ராப்சடி'யைப் பாடியவர் அவர். இறுதிப் போட்டியில் பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் விருந்தினராக வந்து வாசிக்க, கடைசிவரை நின்ற இரண்டு போட்டியாளர்களும் அவர்களோடு பாடினார்கள். லாம்பர்ட்டுக்கு அன்று இரண்டாம் இடம்தான்.

அவருக்கு முன்பே ஒருவர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார். ஃப்ரீ, பேட் கம்பெனி குழுக்களில் பேர் வாங்கிய பால் ராஜர்ஸ். புளூஸ் வழியில் வந்த கரடுமுரடான குரல், மெர்குரியின் நாடகத்தனத்துக்கு நேர் எதிர்த் திசை. 2004 முதல் 2009 வரை அந்தக் கூட்டு நீடித்தது. 2008-இல் 'த காஸ்மோஸ் ராக்ஸ்' என்று புது ஆல்பம்கூடப் போட்டார்கள். இன்று அதைத் தேடிக் கேட்கிறவர்கள் குறைவு. எனக்கு ராஜர்ஸ் மேல் மரியாதை உண்டு. அவர் பாடிய குயீன் பாட்டுகளைக் கேட்கும்போது மட்டும், நல்ல விருந்துக்குத் தவறான விலாசத்துக்குப் போய்விட்ட உணர்வு.

இவர்களையெல்லாம்விட முக்கியமான ஓர் ஆள் மார்க் மார்ட்டெல். கனடாக்காரர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மெர்குரிதான் பாடுகிறார் என்று அடித்துச் சொல்வீர்கள். ராஜர் டெய்லரே முன்நின்று 'குயீன் எக்ஸ்ட்ராவகான்சா' என்று ஒரு குழுவுக்கு ஆள் எடுத்தபோது, 2011-இல் இவருடைய காணொலி உலகமெங்கும் ஓடியது. இடமும் கிடைத்தது. பின்னாளில் 'போஹீமியன் ராப்சடி' திரைப்படத்தில் மெர்குரியாக நடித்த ராமி மாலெக் வாயசைத்த குரலில் மெர்குரியின் பழைய பதிவுகளோடு மார்ட்டெலின் குரலும் கலந்திருக்கிறது. அதாவது, அச்சு அசலான குரல் ஒன்று அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை நினைவாஞ்சலிக் குழுவுக்கும் சினிமாவுக்கும் வைத்துக்கொண்டு, தங்கள் சொந்த மேடைக்கு அப்படி ஒலிக்காத ஒருவரை அழைத்துக்கொண்டார்கள்.

இது தற்செயலாக நடந்திருக்க முடியாது. ஒருவர் மெர்குரி மாதிரியே பாடினால் கேட்பவரின் காது வேறுபாட்டை மட்டுமே தேடும். வேறு மாதிரி பாடினால் பாட்டைத் தேடும். லாம்பர்ட் மேடையில் நின்று, ஃப்ரெடி ஒருவர்தான், நானும் உங்களைப் போல ஒரு ரசிகன்தான் என்கிற தோரணையில் பேசிவிட்டுத் தொடர்கிறார். அந்தப் பேச்சுக்குப் பிறகு அரங்கின் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது.

மெர்குரியை மறைக்கவும் அவர்கள் முயல்வதில்லை. மேடையிலிருந்து கூட்டத்துக்குள் நீளும் நடைபாதையின் முனையில் ஒரு ஸ்டூல் போட்டு, பன்னிரண்டு தந்திக் கிடாரோடு பிரையன் மே தனியாக உட்கார்கிறார். 'லவ் ஆஃப் மை லைஃப்'. லாம்பர்ட் அப்போது மேடையிலேயே இல்லை. மே பாடத் தொடங்குகிறார், கூட்டம் வாங்கிக்கொள்கிறது. மெர்குரி இருந்தபோதே இந்தப் பாட்டைக் கூட்டத்திடம் விட்டுவிடுவது வழக்கம். 1981-இல் தென் அமெரிக்க அரங்குகளில் ஆங்கிலம் பேசாத ஜனங்கள் முழுப் பாட்டையும் பாடிக் காட்டினார்கள். பாட்டு முடியப் போகிற நேரத்தில் பின்திரையில் மெர்குரி நடந்து வந்து, மேயின் பக்கத்தில் நிற்பது போல நின்று, மிச்சத்தைப் பாடிவிட்டுத் திரும்பிப் போகிறார். பழைய படம்தான், எந்த மாயமும் இல்லை. எழுபத்தைந்து வயதை நெருங்கிய மே நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வோர் ஊரிலும் இப்படித்தான் செய்வார் என்று தெரியும். தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. பிறகு, கூட்டம் இன்னும் வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்த இடைவெளியில், 1986 வெம்பிளியின் அதே மஞ்சள் ஜாக்கெட்டில் மெர்குரி திரையில் தோன்றி 'ஏய்-ஓ' என்று இழுக்க, இருபதாயிரம் பேர் திருப்பி இழுத்தார்கள். எசப்பாட்டுக்கு எதிரே ஆள் உயிரோடு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை போலிருக்கிறது.

இதே நாட்களில் அதே லண்டனின் இன்னொரு மூலையில் வேறொரு பரிசோதனை தொடங்கியிருந்தது. அபா குழுவின் நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் மேடை ஏறுவதில்லை. அவர்களுடைய இளமைக்கால உருவங்களைக் கணினியில் செய்து, நிஜமான வாத்தியக் குழுவை உடன் வாசிக்க வைத்து, அதற்கென்றே கட்டிய அரங்கில் 2022 மே 27-இல் 'அபா வாயேஜ்' தொடங்கியது. மெர்குரியையும் அப்படிச் செய்திருக்கலாம். மேயும் டெய்லரும் சதையும் ரத்தமுமான ஓர் ஆளை நிறுத்தினார்கள். அவர் தும்மலாம், சுருதி தவறலாம், பிடிக்காமல் போகலாம். நான் இந்தப் பக்கம்தான்.

முதல் ஆள் எவர்?

மெர்குரி குயீனின் முதல் பாடகரா என்று கேட்டால், பெயரளவில் ஆமாம். கொஞ்சம் முன்னால் போய்ப் பார்த்தால் கதை மாறுகிறது. மேயும் டெய்லரும் கல்லூரிக் காலத்தில் 'ஸ்மைல்' என்ற குழுவில் இருந்தார்கள். பாடியவர் டிம் ஸ்டாஃபெல். 1970-இல் அவர் விலகினார். அவரோடு ஈலிங் கலைக் கல்லூரியில் படித்த நண்பர், அதுவரை இந்தக் குழுவைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவர், அந்த இடத்துக்கு வந்தார். சான்சிபாரில் பிறந்து, மகாராஷ்டிரத்து மலையூர் பஞ்ச்கனியில் செயின்ட் பீட்டர்ஸ் விடுதிப் பள்ளியில் வளர்ந்த பார்சி இளைஞர், ஃபரூக் புல்சாரா. பஞ்ச்கனிப் பள்ளியில் 'த ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் இருந்தபோது அவர் பியானோ வாசித்தவர். முன்னால் நின்று பாடியது வேறொரு பையன். குழுவுக்குக் குயீன் என்று பெயர் வைத்ததும், தனக்கு மெர்குரி என்று பெயர் வைத்துக்கொண்டதும் லண்டனில்.

ஆக, யாராலும் ஈடுசெய்ய முடியாதவர் என்று நாம் கொண்டாடுகிற ஆளே இன்னொருவர் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர். ஏசி/டிசியின் பான் ஸ்காட்டும் அப்படித்தான், 1974-இல் டேவ் எவன்ஸின் இடத்துக்கு வந்தார். அயர்ன் மெய்டன் ரசிகர்கள் உயிரையே கொடுக்கத் தயாராக இருக்கும் புரூஸ் டிக்கின்ஸன் 1981-இல் வந்த மாற்று ஆள். ஜர்னி குழு 1973-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியபோது கிரெக் ரோலிதான் பாடினார். ஸ்டீவ் பெர்ரி 1977-இல்தான் வருகிறார். இவர்களை யாரும் 'பதிலுக்கு வந்தவர்' என்று சொல்வதில்லை. அவர்கள் வந்த பிறகு உருவான பாட்டுகள்தான் காரணம். குழுவின் பெயரைச் சொன்னதும் நம் வாயில் வருவது அவர்கள் குரலில் முதன்முதலாகப் பிறந்த பாட்டு. அதற்கு முன்னால் இருந்தவர் வினாடி வினாக் கேள்வியாகிவிடுகிறார்.

இதற்கு மிகப் பெரிய சாட்சி 'பேக் இன் பிளாக்'. 1980 பிப்ரவரி 19-இல் பான் ஸ்காட் லண்டனில் இறந்தார், அளவு மீறிய குடி. குழு கலைந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்திலிருந்து பிரையன் ஜான்ஸனைக் கூட்டி வந்தார்கள். ஜான்ஸனின் பாட்டை முன்பே கேட்டுவிட்டு குழுவில் கிடார் வாசித்த யங் சகோதரர்களிடம் சிலாகித்துச் சொன்னவரே ஸ்காட்தான். பஹாமாஸில் உட்கார்ந்து எழுதிப் பதிவு செய்து, ஜூலை 25-இல் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டார்கள். ஐந்தே மாதம். அட்டை முழுக்கக் கறுப்பு, தொடக்கத்தில் மணியோசை. துக்கம் காத்தார்கள், அதே கையோடு வேலையையும் முடித்தார்கள். உலகத்தில் அதிகம் விற்ற ஆல்பங்களின் வரிசையில் அது இன்றும் நிற்கிறது. வரிகளை எழுதியதில் ஜான்ஸனுக்கும் பங்கு உண்டு. 2016-இல் காது கேட்பது மோசமாகி அவர் பாதியில் நிறுத்த வேண்டி வந்தபோது, கன்ஸ் அண்ட் ரோஸஸின் ஆக்ஸல் ரோஸ் உடைந்த காலோடு, முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி, மிச்சக் கச்சேரிகளைப் பாடிக்கொடுத்தார். அப்போது ரசிகர்கள் அழுதது ஜான்ஸனுக்காக.

மணிலாவிலிருந்து வந்தவர்

ஜர்னியின் கதைதான் எனக்கு மிகவும் சங்கடம் தருவது. அமெரிக்காவில் கல்யாண வீடு, பேஸ்பால் மைதானம், மதுக்கூடம் எங்கும் ஒலிக்கும் 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' 1981-இல் வந்தது. பெர்ரியின் குரல் அதில் ஒரு பளிங்குத் தூண். தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு இடுப்பு மூட்டுத் தேய்ந்துபோக, அறுவை சிகிச்சையை அவர் தள்ளிப்போட, குழு காத்திருந்து பார்த்துவிட்டு 1998-இல் வேறு பாடகரை எடுத்தது. அந்தப் பாடகர் ஸ்டீவ் ஆகெரி 2006-இல் தொண்டைக் கோளாறோடு விலகினார். அடுத்து வந்த ஜெஃப் ஸ்காட் சோட்டோவை 2007 ஜூனில் அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் 10-ஆம் தேதி 'த சொப்ரானோஸ்' தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியில் 'டோன்ட் ஸ்டாப் பிலீவின்' ஒலிக்க, நாடே அந்தப் பாட்டை மறுபடி தேட ஆரம்பித்தது. பாட்டு உச்சத்தில், பாடத்தான் ஆள் இல்லை.

கிடார் வாசிக்கும் நீல் ஷோன் யூடியூபில் உட்கார்ந்து தேடினார். மணிலாவில் 'த ஸூ' என்ற குழுவோடு இரவு விடுதிகளில் பிறர் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த ஆர்னல் பினேடாவின் காணொலிகள் கண்ணில் பட்டன. பதின்மூன்று வயதில் தாயை இழந்து, மணிலாத் தெருவிலும் பூங்காவிலும் படுத்து வளர்ந்தவர் பினேடா. ஷோனின் மின்னஞ்சலை யாரோ விளையாடுகிறார்கள் என்றே முதலில் நினைத்தார். விசாவுக்காக மணிலாவின் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனபோது, ஜர்னி குழுவில் பாடப் போகிறாயா, எங்கே ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம் என்று அதிகாரி கேட்க, 'வீல் இன் த ஸ்கை' பாடிக் காட்டி விசா வாங்கிய கதையை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

குரலில் பெர்ரியேதான். அங்கேதான் சிக்கலும். 2008-இல் 'ரெவலேஷன்' என்று புது ஆல்பம் வந்தது. அதோடு சேர்த்து இன்னொரு தட்டில் பழைய வெற்றிப் பாட்டுகளையெல்லாம் பினேடாவின் குரலில் திரும்பப் பதிவு செய்து கொடுத்தார்கள். பிளாட்டினம் அளவுக்கு விற்றது. ஆனால் கச்சேரிக்கு வருபவர்கள் கேட்பது பழைய பாட்டுகளைத்தான், அதுவும் பெர்ரி பாடிய அதே மாதிரி. பெர்ரிக்கே அறுபது வயதில் எட்டாத ஸ்தாயியைப் பினேடா ஒவ்வோர் இரவும் எட்டியாக வேண்டும். ஒரு நாள் தொண்டை கட்டினாலும், அதைக் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டுக் கிழிக்க ஆள் தயாராக இருக்கிறது. குயீனில் லாம்பர்ட் விருந்தாளி, கவனிப்புக்குக் குறைவில்லை. ஜர்னியில் பினேடா வீட்டோடு மாப்பிள்ளை. சாப்பாடு உண்டு, மரியாதை உண்டு, வீட்டுப் பத்திரத்தில் பெயர்தான் இல்லை.

2017 ஏப்ரலில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் ஜர்னியைச் சேர்த்துக்கொண்டார்கள். பெர்ரி மேடைக்கு வந்தார், எல்லோரையும் அணைத்துக்கொண்டார், பினேடாவின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். பாடவில்லை. பேசிவிட்டு இறங்கினார். பாட்டுகளைப் பாடியது பினேடா. விருது வாங்கியோர் பட்டியலில் பினேடாவின் பெயர் கிடையாது. இதைப் பெரிய அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியல் பாட்டு பிறந்த காலத்தில் கூட இருந்தவர்களுக்கானது. ஆனால் பத்து வருடம் அந்தப் பாட்டுகளை உயிரோடு வைத்திருந்த தொண்டைக்கு என்ன கணக்கு என்ற கேள்வி நிற்கிறது. மெர்குரி பிறந்த அதே செப்டம்பர் 5-ஆம் தேதிதான் பினேடாவும் பிறந்தார் என்பது ஒரு துணுக்கு. அதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, ரசிகர்கள் இப்படியெல்லாம் தேடி வைத்திருப்பார்கள்.

லாம்பர்ட்டின் பக்கத்துக்குத் திரும்பினால், குயீனோடு அவர் ஒரு புது ஆல்பம்கூடப் போடவில்லை. பத்து வருடத்துக்கும் மேல், நூற்றுக்கணக்கான மேடைகள், ஆனால் அவர் குரலில் பிறந்த குயீன் ஆல்பம் என்று ஒன்று இல்லை. ராஜர்ஸோடு ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டதால் இருக்கலாம். அவரைச் சகித்துக்கொள்ளும் பழைய ரசிகர்களின் நிம்மதியும் அதில்தான் இருக்கிறது. அவர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லையே! தன் சொந்தப் பாட்டுகளைத் தனி ஆல்பங்களில் பாடிக்கொள்கிறார், 2024-இல் பிராட்வே போய் 'காபரே' நாடகத்தில் நடித்துவிட்டும் வந்தார். எனக்கு இதில் ஒரு குறை உண்டு. 'ஹூ வான்ட்ஸ் டு லிவ் ஃபாரெவர்' பாட்டில் அந்தக் கூட்டத்தை வாயடைக்க வைத்தவருக்கு மே உட்கார்ந்து ஒரு பாட்டு எழுதியிருக்கலாம். தோற்றால் தோற்கட்டும்.

இப்போது கேள்வி பாடகரைத் தாண்டிப் போய்விட்டது. மே பிறந்தது 1947-இல், டெய்லர் 1949-இல். 2024-இல் மேயுக்குச் சிறிய பக்கவாதம் வந்து, கொஞ்ச நாள் இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கிடாரில் தந்தியை அழுத்தும் கை அது. கிடார் வாசிக்க முடிகிறது என்று அவரே சொன்ன பிறகுதான் ரசிகர்களுக்கு மூச்சு வந்தது. பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரத்தை இழைத்து அவர் செய்த கிடார்தான் இன்றும் வாசிப்பது. மீட்டுவதற்குப் பழைய ஆறு பென்னி நாணயம். அந்த ஒலியை வேறு எங்கேயும் கேட்க முடியாது.

ஃபாரினர் குழு இந்தப் பாதையில் ரொம்ப தூரம் போயாயிற்று. நிறுவனர் மிக் ஜோன்ஸ் உடல்நலம் குன்றி மேடையிலிருந்து விலகிய பிறகு, முதல் ஆல்பத்தில் வாசித்த ஒருவர்கூட இல்லாத இரவுகளில் அந்தப் பெயரில் கச்சேரி நடக்கிறது, அரங்கும் நிறைகிறது. அங்கே 2005 முதல் பாடிய கெல்லி ஹேன்சனும் 2025-இல் விலகி, குழுவில் கிடார் வாசித்துக்கொண்டிருந்த லூயிஸ் மால்டொனாடோவிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார். இனி அவரை ஹேன்சனோடு ஒப்பிட்டுக் குறை சொல்ல ஒரு கூட்டம் வரும்.

குயீனும் அந்த நிலைக்கு வந்தால்? மே இல்லாமல் அந்தப் பெயரில் ஒரு டிக்கெட் விற்றால் நான் வாங்க மாட்டேன், கூட்டல் குறிக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும் சரி. டெய்லர் இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிப்பேன்.